ஆழத்தையும் எச்பியையும் விடுங்கள், ஓடும்போது தண்ணீர் எங்கே நிற்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 150 மீட்டர் ஆழத்தில் ஆறரை அங்குல போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, ஒன்று இருக்கிறது. அதில் 130 மீட்டரில் 5 எச்பி சப்மெர்சிபிள், தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப், தொங்குகிறது. இரண்டு ஆண்டில் மூன்று முறை மோட்டார் எரிந்துவிட்டது. ஸ்விட்ச் போட்டால் அரை மணி நேரம் நன்றாகக் கொட்டுகிறது, பிறகு விட்டு விட்டு வருகிறது. பக்கத்தில் 200 மீட்டருக்குப் புதிய போர் போட்டு 7.5 எச்பி இறக்கினால் தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். புதியதை எப்படிப் போடுவது, எப்படிப் பராமரிப்பது, பழையதை என்ன செய்வது என்பது கேள்வி.

முதலில் அந்த அரை மணி நேரத்தைப் பார்ப்போம், உங்கள் பிரச்சினை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. ஆறரை அங்குலம் என்றால் 165 மில்லிமீட்டர். அந்த அகலத் துளையில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 21 லிட்டர் தண்ணீர் நிற்கும். மோட்டார் ஓடாதபோது தண்ணீர் தரையிலிருந்து 35 மீட்டர் கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் இருப்பது 130-ல். நடுவில் 95 மீட்டர், கிட்டத்தட்ட 2,000 லிட்டர். இது ராத்திரியெல்லாம் ஊறித் தேங்கிய தண்ணீர். நிமிடத்துக்கு 50 லிட்டர் ஊறும் போரில் 110 லிட்டர் இறைக்கும் பம்பை விட்டால், தேக்கத்திலிருந்து நிமிடத்துக்கு 60 லிட்டர் போய்க்கொண்டே இருக்கும். 2,000-ஐ 60-ஆல் வகுத்தால் 33 நிமிடம். உங்கள் போரின் எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஆனால் கதை இதுதான். பம்ப் போரை முந்திவிடுகிறது. 7.5 எச்பி போட்டால் அரை மணி நேரம் கால் மணி நேரமாகும், வேறொன்றும் நடக்காது.

தண்ணீர் பம்பின் வாய்க்கு இறங்கியதும் காற்றும் தண்ணீருமாக விழுங்கத் தொடங்கும். சப்மெர்சிபிளில் மோட்டார் கீழே, பம்ப் மேலே, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நுழையும் சல்லடை. மோட்டாரின் உடம்பை உரசிக்கொண்டு மேலே ஏறும் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. பம்பின் தண்டைத் தாங்கும் புஷ்களுக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் கிடையாது, அதே தண்ணீர்தான் வழவழப்பும் தருகிறது. அது நின்றால் இரண்டும் ஒரே நேரத்தில் கெடும். வெளியே எடுத்துப் பிரித்த பம்பில் தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் சக்கரங்களான இம்பெல்லர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால் அது தண்ணீரில்லாமல் ஓடியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

மூன்று முறை எரிந்த மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுத்தபோது காயிலை, அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பியை, பார்த்தீர்களா? பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. அடுத்த முறை பிரிக்கும்போது நின்று பாருங்கள். சுற்று முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அதிகச் சுமை அல்லது குளிர்ச்சி இல்லாமை. மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ மட்டும் கருகி, மீதி புதிது போல மினுமினுத்தால் ஒரு பேஸ் போன பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது என்று பொருள். ஒரே இடத்தில் பொட்டு வைத்தாற்போல் ஓட்டை விழுந்திருந்தால் இன்சுலேஷன் அங்கே உடைந்திருக்கிறது, பெரும்பாலும் இடி மின்னல் அல்லது மின்அழுத்தத் துள்ளல். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. காரணம் தெரியாமல் புதுக் காயில் சுற்றி இறக்குவது காய்ச்சலுக்குச் சட்டையை மாற்றுவது போலத்தான்.

ஆகவே புதுத் துளை போட ரிக் வண்டியை அழைப்பதற்கு முன் பழைய போரை அளந்துவிடுங்கள். தேவையானது இரண்டு மட்டங்கள். மோட்டார் பல மணி நேரம் ஓடாமல் இருந்தபின் தண்ணீர் நிற்கும் ஆழம் ஒன்று. தொடர்ந்து இறைத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் இறங்கி நிலைக்கும் ஆழம் மற்றொன்று. முதலாவதை நிலை மட்டம் என்போம், இரண்டாவதை ஓட்ட மட்டம். எல்லோரும் போரின் ஆழத்தைப் பெருமையாகச் சொல்வார்கள், மோட்டாரின் எச்பியைச் சொல்வார்கள், ஓட்ட மட்டத்தைச் சொன்னவரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். பம்புக்கு வேலை கொடுப்பது ஓட்ட மட்டம்தான். 200 மீட்டர் போரில் தண்ணீர் 60 மீட்டரில் நிலைத்தால் பம்ப் தூக்குவது 60 மீட்டரைத்தான், அது எந்த ஆழத்தில் தொங்கினாலும் சரி.

அளக்க டேப்பின் நுனியில் மின்முனை வைத்த கருவி இருக்கிறது, தண்ணீரைத் தொட்டதும் பீப் என்று கத்தும். குழாயும் கேபிளும் நெருங்கிய போரில் அது சிக்கிக்கொள்ளும். எனக்குப் பிடித்தது பழைய காற்றுக்குழாய் முறை. பம்பை இறக்கும்போதே 6 மில்லிமீட்டர் நைலான் டியூப் ஒன்றைக் குழாயோடு சேர்த்துக் கட்டி, அதன் கீழ் நுனி எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று எழுதி வைத்துவிடுவது. மேல் நுனியில் ஒரு பிரஷர் கேஜும் டயர் வால்வும். உயரழுத்த சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். முள் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடும், அதற்கு மேல் அடித்தாலும் காற்று கீழே குமிழி விட்டுப் போய்விடும். கேஜ் 2.6 கிலோ காட்டுகிறது என்றால் டியூப் நுனிக்கு மேல் 26 மீட்டர் தண்ணீர் நிற்கிறது, ஒரு கிலோவுக்குப் பத்து மீட்டர் கணக்கு. நுனி 108 மீட்டரில் இருந்தால் தண்ணீர் மட்டம் 82. இரண்டு நிமிட வேலை. பம்பை வெளியே எடுக்காமல் வருடக்கணக்கில் போரின் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம்.

இப்படி அளந்து பார்த்தால் பழைய போரே சிறிய பம்போடு நிம்மதியாக ஓடும் என்று தெரியவரலாம். ஐந்து எச்பியைக் கழற்றிவிட்டு ஒன்றரை எச்பியோடு அதே போரில் பல ஆண்டு ஓட்டியவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்தில் தொட்டி நிரம்பாது, நான்கு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே.

அளந்தும் போதவில்லை, புதியதுதான் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

இடம் தேர்வு. கடினப் பாறைப் பகுதியில் தண்ணீர் பாறைக்குள் இருப்பதில்லை, பாறையின் வெடிப்புகளிலும் மேலே சிதைந்த அடுக்கிலும் இருக்கிறது. அதனால்தான் பத்து மீட்டர் தள்ளிப் போட்ட இரண்டு போர்களில் ஒன்று பொங்கும், மற்றது புழுதி கக்கும். மின்தடை ஆய்வு, அதாவது தரையில் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்தி அளக்கும் முறை, எங்கே சிதைந்த அடுக்கு தடிமனாக இருக்கிறது என்று ஓரளவு சொல்லும். ஆனால் களிமண்ணும் உப்புத் தண்ணீரும்கூட அதே போலக் குறைந்த மின்தடை காட்டும் என்பதால், அக்கம்பக்கத்துப் போர்களின் விவரத்தோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும். குச்சி பிடித்து ஊற்றுப் பார்ப்பவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். நிலத்தடி நீர் பரவலாக இருக்கும் இடத்தில் யார் எங்கே காட்டினாலும் தண்ணீர் வரும், அந்த வெற்றிகள் மட்டும் பேசப்படும். கழிவுத் தொட்டியிலிருந்து குறைந்தது 15 மீட்டர், முடிந்தால் 30 மீட்டர் தள்ளியே இருக்கட்டும். ரிக்கும் பின்னாளில் பம்பைத் தூக்க வரும் வண்டியும் நிற்க இடம் வேண்டும், மேலே மின்கம்பி இருக்கக்கூடாது. போட்ட பிறகு அதன் மேல் கூரை கட்டிவிட்டு, பம்பை எப்படி எடுப்பது என்று தலையைச் சொறிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

துளையிடும்போது கூடவே இருங்கள், ஒரு நோட்டும் கையுமாக. பாறையில் காற்றழுத்தச் சுத்தியல் முறைதான் வழக்கம். துளைக்குள்ளேயே, பிட்டுக்கு நேர் மேலே இருந்து சுத்தியல் அடிக்கும், கம்ப்ரசர் காற்று தூளை மேலே ஊதித் தள்ளும். ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் ஒரு பிடி தூளை எடுத்து வரிசையாகத் தரையில் வைத்துக்கொண்டே போனால், கீழே இருக்கும் நிலத்தின் படம் உங்கள் காலடியில் விரியும். செம்மண், பிறகு மஞ்சள் பூத்த சிதைவுப் பாறை, பிறகு சாம்பல் நிறக் கருங்கல் தூள். மாவு போலப் பறந்த தூள் திடீரென்று உருண்டை உருண்டையாக வந்தால் ஈரம் தட்டுகிறது. ராடு சட்டென்று அரை அடி வழுக்கி இறங்கினால் அங்கே வெடிப்பு. அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பம்பை எங்கே தொங்கவிடுவது என்று முடிவு செய்ய இந்த ஒரு பக்கக் குறிப்புக்கு ஈடு எதுவும் கிடையாது.

மேல்மண் துளைக்குள் சரியாமல் தாங்கும் கேசிங் பைப்பில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், அதிகம் இழப்பதும் அங்கேதான். மண்ணும் சிதைந்த பாறையும் முடிந்து, உறுதியான பாறைக்குள் ஒரு மீட்டராவது கேசிங் போய் உட்கார வேண்டும். கேசிங்குக்கும் மண் சுவருக்கும் இடையிலான இடைவெளியை, குறைந்தது மேல் மூன்று மீட்டராவது, சிமெண்ட் கூழோ பென்டோனைட் களிமண்ணோ ஊற்றி அடைக்க வேண்டும். தரைக்கு மேல் 30 முதல் 50 சென்டிமீட்டர் நீட்டி நிற்க வேண்டும், சுற்றிச் சரிவாக கான்கிரீட் மேடை. நான் பார்த்த ஒரு போரில் இரண்டு மீட்டர் கேசிங்கை மிச்சம் பிடித்திருந்தார்கள். கோடையில் கண்ணாடி மாதிரித் தண்ணீர், ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் தேநீர் நிறம். மூன்றாம் மழைக்காலத்தில் சரிந்த மண் பம்பின் மேல் இறுகி, இழுத்த இழுப்பில் குழாய்தான் வந்தது, பம்ப் இன்னும் உள்ளேயே இருக்கிறது. மழைக்குப் பின் மட்டும் போர்த் தண்ணீர் கலங்கினால் மேல்தண்ணீர் கேசிங் ஓரமாக இறங்குகிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

மணலும் வண்டலுமான நிலம் என்றால் முறையே வேறு. துளையைச் சேற்றுக் குழம்பால் தாங்கிக்கொண்டு சுழல் பிட்டால் துளைப்பார்கள். முழு ஆழத்துக்கும் கேசிங், தண்ணீர் தரும் அடுக்குக்கு எதிரே மட்டும் வெட்டுக்கண் வைத்த குழாய், அதைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலத் தடிமனுக்குச் சலித்த உருண்டைக் கூழாங்கல். கண்ணின் அகலத்தை மணலின் பருமன் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரம்பத்தால் கீறிய பைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினால் முதல் ஆண்டிலேயே இம்பெல்லரை மணல் தின்றுவிடும்.

துளை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றால் கழுவுவது. தண்ணீர் தெளிந்தபின் வெள்ளை வாளியில் பிடித்து, சுழற்றி விட்டு, அடியில் மணல் நடுவில் குவிகிறதா என்று பாருங்கள். குவிந்தால் இன்னும் கழுவ வேண்டும். அவசரப்பட்டு ரிக்கை அனுப்பிவிடாதீர்கள். அதே சமயத்தில் ஆறு மீட்டர் நீள நேர் பைப் ஒன்றை, பம்பை விடச் சற்றே பருமனாக, கயிற்றில் கட்டிக் கீழே வரை விட்டு எடுங்கள். எங்காவது மாட்டினால் துளை கோணல். பம்ப் மாட்டுவதற்கு முன் பைப் மாட்டுவது மேல்.

இப்போது எல்லோரும் ஏமாறும் இடம். ரிக்கில் இருப்பவர் தகட்டில் வெட்டிய முக்கோணக் காடியில் தண்ணீரை ஓடவிட்டு இத்தனை அங்குலம் என்பார். செங்கோண முக்கோணக் காடியில் தண்ணீர் 5 சென்டிமீட்டர் உயரம் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 46 லிட்டர். 10 சென்டிமீட்டர் ஓடினால் 92 என்று நினைப்பீர்கள், உண்மையில் 260-க்கு மேல். உயரம் இரட்டித்தால் அளவு ஐந்தரை மடங்குக்கு மேல் ஏறும், அதாவது கண்ணளவில் அரை அங்குலம் தவறினால் பம்ப் தேர்வே தவறிவிடும். அதோடு, கம்ப்ரசர் ஊதும்போது வருவது போரை அடிவரை காலி செய்து வரும் தண்ணீர், தேக்கமும் சேர்த்து. நாள் முழுக்க அதே அளவு வராது. ஆகவே ஒரு தற்காலிகப் பம்பை இறக்கி வெளியேற்றத்தை ஒரே அளவில் வைத்து, குறைந்தது எட்டு மணி நேரம், முக்கியமான போர் என்றால் 24 மணி நேரம், இறைத்துப் பாருங்கள். மட்டம் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றால் அந்த அளவை போர் தாங்குகிறது. இறங்கிக்கொண்டே போனால் வால்வை மூடிக் குறைத்து மறுபடி பாருங்கள். நிறுத்தியபின் மட்டம் எவ்வளவு வேகமாக மேலேறுகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோடைக்கு மட்டம் இன்னும் இறங்கும் என்பதை மனதில் வைத்து, சோதனையில் தாங்கிய அளவில் முக்கால் பங்குக்கு மேல் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

பம்ப் தேர்வு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். நமக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் வேண்டும், அந்த அளவில் ஓட்ட மட்டம் 82 மீட்டர். தொட்டியின் வாய் தரையிலிருந்து 12 மீட்டர். இது 94. குழாய் உரசலுக்கு என்ன சேர்ப்பது? மொத்தம் 160 மீட்டர் நீளக் குழாய், உள்விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால் சுமார் 3 மீட்டர் போதும். அதே நீளத்துக்கு 25 மில்லிமீட்டர் குழாய் போட்டால் 28 மீட்டர். ஆமாம், கிட்டத்தட்ட பத்து மடங்கு. குழாயில் மிச்சம் பிடித்ததை மின்சாரத்தில் ஆயுள் முழுக்கக் கட்டுவீர்கள். 40-ஐ வைத்துக்கொண்டு, வால்வு, வளைவுகளுக்கு இன்னொரு 3 சேர்த்தால் மொத்த ஹெட், அதாவது பம்ப் தள்ள வேண்டிய மொத்த உயரம், 100 மீட்டர்.

நொடிக்கு ஒரு லிட்டரை 100 மீட்டர் தூக்க, தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தி 0.98 கிலோவாட். பம்பின் திறன் 60 சதவீதம் என்றால் தண்டில் 1.63 கிலோவாட், அதாவது 2.2 எச்பி. ஆக 3 எச்பி மோட்டார் தாராளம். மோட்டாரின் திறன் 75 சதவீதம் என்று எடுத்தால் மீட்டரில் ஓடுவது சுமார் 2.2 கிலோவாட். 7.5 எச்பி எங்கிருந்து வந்தது என்று இப்போது கேட்கத் தோன்றும்.

கடையில் எச்பியைச் சொல்லிக் கேட்காமல், நிமிடத்துக்கு 60 லிட்டர், 100 மீட்டர் ஹெட், கோடையில் 115 வரை போகும் என்று கேளுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஹெட்டுக்கு எதிராகத் தண்ணீர் அளவு காட்டும் வளைகோடு இருக்கும், உங்கள் புள்ளி அதன் நடுப்பகுதியில் விழ வேண்டும். 200 மீட்டருக்கான பம்பை 80 மீட்டரில் ஓடவிட்டால் அளவுக்கு மீறிக் கொட்டும், மோட்டாருக்குச் சுமையேறும், இம்பெல்லர்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டுத் தேயும். ஹெட் அதிகமாக இருந்தால் பாதுகாப்பு என்பது தவறான நம்பிக்கை.

தரைமேல் மோட்டார் வைத்து உறிஞ்சினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். உறிஞ்சுவது என்று எதுவும் இல்லை, காற்று மண்டலம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது, அதன் பலம் சுமார் 10.3 மீட்டர். நடைமுறையில் ஏழெட்டு மீட்டரோடு சரி. ஆழம் போனால் பம்பையே தண்ணீருக்குள் அனுப்பியாக வேண்டும்.

எந்த ஆழத்தில் தொங்கவிடுவது? ஓட்ட மட்டத்துக்குக் கீழே, கோடை இறக்கத்தையும் சேர்த்து, இருபது முப்பது மீட்டர் தண்ணீர் மேலே நிற்கும்படி. நம் கணக்கில் 110 மீட்டர். அடியிலிருந்து ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கட்டும், அங்கே சேறு படியும். நோட்டில் குறித்த வெடிப்புக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். தண்ணீர் தரும் வெடிப்புகள் எல்லாமே பம்புக்கு மேலே இருந்தால் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் மேலிருந்து நேராகச் சல்லடைக்குப் போய்விடும், கீழே இருக்கும் மோட்டாரைத் தொடவே தொடாது. முழுகிக்கிடக்கிற மோட்டார் சூட்டில் எரியும். இதற்கு மோட்டாரையும் சல்லடையையும் மூடிக் கீழே மட்டும் திறந்த ஒரு பைப் உறை போட்டால், தண்ணீர் கீழே சுற்றி மோட்டாரை உரசித்தான் ஏறியாக வேண்டும். நாலு அங்குல மோட்டாருக்கு நொடிக்கு எட்டு சென்டிமீட்டர் வேகமாவது வேண்டும். அகலப் போரில் மெலிந்த மோட்டாரை இறக்கும்போதும் இதே உறை தேவைப்படும்.

இறக்கும் நாள். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டார் என்றால் சுத்தத் தண்ணீர் ஊற்றி, ஆட்டி ஆட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி மூடுங்கள். கேபிளைப் பிடித்துப் பம்பைத் தூக்கக்கூடாது, ஒருமுறைகூட. பம்பின் தலையிலேயே என்.ஆர்.வி., அதாவது தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத வால்வு, இருக்கும், 60 மீட்டருக்கு ஒன்று வீதம் மேலேயும் ஒன்று வைத்தால் நிறுத்தும்போது விழும் தண்ணீரின் அடி பிரிந்துவிடும். நீரேற்றும் குழாயைக் களத்தில் காலம் பைப் என்பார்கள். மோட்டார் கிளம்பும்போது ஒரு திருகு திருகும், காலம் பைப்பின் மரைகள் சரியாக இறுகாவிட்டால் அந்தத் திருகலில் கழன்றே விழும். கேபிளை மூன்று மீட்டருக்கு ஒரு கட்டு வீதம் குழாயோடு கட்டுங்கள், கொஞ்சம் தொய்வு விட்டு. பாலித்தீன் குழாய் என்றால் எடையில் நீளும், தொய்வு இல்லாவிட்டால் கேபிள்தான் இழுபடும். பாதுகாப்புக் கயிறு அழுகாத வகையாக இருக்கட்டும்.

கேபிள் ஜாயிண்ட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த வேலையில் நான் அவசரமே படாத இடம் அதுதான். ஒருமுறை எரிந்ததாகச் சொல்லி எடுத்த மோட்டார் நன்றாகவே இருந்தது. ஜாயிண்ட்டைப் பிளேடால் கீறினேன், பச்சை நிறத்தில் களிம்பு பிடித்த செம்பு, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. மூன்று இழைகளையும் ஒரே இடத்தில் சேர்த்து, மேலே சாதாரண டேப்பைச் சுற்றியிருந்தார்கள். இழைகளைப் படிப்படியாக வேறு வேறு நீளத்தில் வெட்டி, தனித்தனியாக இறுக்கி, சூட்டில் சுருங்கும் குழாயோ நீர்புகா ரப்பர் டேப்போ போட வேண்டும். பிறகு ஜாயிண்ட்டை வாளித் தண்ணீரில் முக்கி இன்சுலேஷனின் தடையைக் காட்டும் 500 வோல்ட் மெக்கரால் அளங்கள். புதிய மோட்டார் தரையில் 20 மெகாஓமுக்குக் குறையக்கூடாது. இறக்கி முடித்ததும் 2 மெகாஓமாவது காட்ட வேண்டும். பின்னாளில் அரை மெகாஓமுக்குக் கீழே போனால் எடுத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. கேபிளின் தடிமனை, மோட்டாருக்குப் போகும் வழியில் 3 சதவீதத்துக்கு மேல் வோல்ட் இழக்காதபடி தேர்ந்தெடுங்கள்.

பேனலில் நான்கு காவல் வேண்டும்: அதிகச் சுமை, ஒரு பேஸ் இழப்பு, தண்ணீரில்லா ஓட்டம், மின்னல் தடுப்பான். மோட்டார் நிலத்தடி நீரில் உட்கார்ந்திருக்கிறது, பூமிக்கு அதைவிட நல்ல இணைப்பு கிடையாது. கம்பியில் வரும் மின்னல் துள்ளல் நேராக அதைத் தேடிப் போகும். தடுப்பானின் எர்த்தைக் கேசிங்கோடும் பேனலோடும் சேர்த்துக் கட்டாவிட்டால் அது பெயருக்குத்தான். மூன்று பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தரும், அதனால் முதல் நாளே இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டு, எதில் அழுத்தம் அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கம்பிகளிலும் கரண்ட் வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

ஓடவிடும் முன் குளோரின். 100 மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் சுமார் 2,140 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் வர, 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 325 கிராம் போதும். வாளியில் கரைத்துத் தெளிந்ததை ஊற்றி, பம்பைக் கொஞ்ச நேரம் ஓட்டி அதே தண்ணீரைப் போருக்குள்ளேயே திருப்பி விட்டு, 12 முதல் 24 மணி நேரம் விட்டு, வாடை போகும் வரை வெளியே இறையுங்கள். செடிக்கோ மீன் குளத்துக்கோ விடாதீர்கள். குடிக்கப்போகிறீர்கள் என்றால் ஒருமுறை முழு வேதிச் சோதனை, பிறகு ஆண்டுக்கொரு கிருமிச் சோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், ஆர்செனிக்குக்கு 0.01. இரண்டுமே ருசியிலோ நிறத்திலோ தெரியாது. கருங்கல் பாறை என்றால் ஃபுளோரைடையும், ஆற்றுப் படுகை வண்டல் என்றால் ஆர்செனிக்கையும் கட்டாயம் பாருங்கள்.

பராமரிப்பு என்றதும் வருடத்துக்கு ஒருமுறை பம்பை எடுத்துப் பார்ப்பது என்று நினைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறை எடுப்பதிலும் கேபிள் உரசும், மரை தேயும், ஏதாவது உள்ளே விழும். நோட்டைப் பராமரியுங்கள், போதும். மாதம் ஒருமுறை வோல்ட், ஆம்பியர், ஒரு டிரம் நிரம்பும் நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மட்டங்கள். எல்லாவற்றையும் விட நான் நம்பும் எண் ஒன்று: ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட். நம் எடுத்துக்காட்டில் ஆயிரம் லிட்டர் வர 16.7 நிமிடம், 2.2 கிலோவாட்டில் 0.61 யூனிட். ஆறு மாதத்தில் அது 0.8 ஆனால் கீழே ஏதோ நடக்கிறது. தண்ணீர் வரத்தானே செய்கிறது என்று விடாதீர்கள்.

என்ன நடக்கிறது என்பதை எண்களே சொல்லும். நிலை மட்டமும் ஓட்ட மட்டமும் சேர்ந்து இறங்கியிருந்தால் நிலத்தடி நீரே இறங்குகிறது, போர் மேல் குற்றமில்லை. நிலை மட்டம் அப்படியே இருந்து ஓட்ட மட்டம் மட்டும் இறங்கினால் ஊற்றுக்கண் அடைகிறது. இரண்டு மட்டமும் மாறாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது அல்லது காலம் பைப் ஓட்டை. கேசிங் வாயில் காதை வைத்துக் கேளுங்கள், உள்ளே மழை பெய்வதுபோல் சத்தம் வந்தால் ஓட்டைதான். ஆம்பியர் ஏறி, தண்ணீர் குறைந்தால் மணல் இறுகியிருக்கலாம், அதற்கு முன் வோல்ட்டைப் பாருங்கள். ஒற்றை பேஸ் மோட்டார் உறுமிவிட்டுக் கிளம்பாமல் நின்றால், கீழே இருப்பதைத் தொடாதீர்கள், பேனலில் உள்ள கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள். அதற்காகப் பம்பையே வெளியே எடுத்த கதைகள் எத்தனையோ.

ஊற்றுக்கண் அடைவதற்கு இரண்டு பேர் காரணம். சுண்ணாம்புப் படிவு ஒன்று, இரும்பைத் தின்னும் பாக்டீரியா மற்றொன்று. பிந்தையது செம்பழுப்பில் கொழகொழவென்று, கையில் வழுக்கும். இறைக்காத கிணறு நாறும் என்பது சும்மா சொன்ன பழமொழி இல்லை. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த போரில் இது செழித்து வளரும், வாரம் ஒருமுறையாவது கால் மணி நேரம் ஓட்டுங்கள். பாக்டீரியாவுக்குக் குளோரின், சுண்ணாம்புக்கு சல்பாமிக் அமிலம், இரண்டுக்கும் கம்ப்ரசரால் குலுக்கிக் கழுவல். இரண்டையும் ஒரே நாளில் போடக்கூடாது. அமிலமும் குளோரினும் சந்தித்தால் விஷவாயு, போரின் வாயில் குனிந்திருப்பவருக்கு நேரம் இருக்காது. இதை மட்டும் அனுபவம் உள்ளவர்களிடம் விடுங்கள். வெறும் பாறைப் போரில் வரத்தே குறைவு என்றால் உயரழுத்தத் தண்ணீரால் வெடிப்புகளை விரிக்கும் முறை உண்டு, பலன் பாறையைப் பொறுத்தது. மழைநீரைக் கூரையிலிருந்து நேரே போருக்குள் இறக்குவதை நான் ஏற்பதில்லை. மணல் வடிகட்டியோடு தனிக் குழியில் இறக்குங்கள், அது மண் வழியே வடிந்து வரட்டும்.

கடைசியாகப் பழைய போர். அது செத்துவிடவில்லை என்றால் சிறு பம்போடு துணைக்கு ஓடட்டும், அல்லது புதிய போரின் மட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவைக் கிணறாக இருக்கட்டும். இரண்டுமே இல்லை என்றால் பம்ப், குழாய், கேபிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடியிலிருந்து சுத்தமான சரளை, அதற்கு மேல் களிமண், மேல் மூன்று மீட்டர் சிமெண்ட் கூழ் என்று நிரப்புங்கள். குப்பையைப் போடாதீர்கள், உங்கள் புதிய போரும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது. நிரப்ப நாளாகும் என்றால் இன்றைக்கே கேசிங் வாயில் இரும்புத் தகட்டை வெல்டு வைத்து மூடிவிடுங்கள். சாக்கும் கல்லும் மூடி ஆகாது. ஆறரை அங்குலம் பார்வைக்குச் சின்னத் துளைதான், தவழும் குழந்தை போக அது போதும்.